எழுபத்திரண்டு மணி நேரம்

ஜூலை முதல் வாரம். கிட்டுயி.
பந்தலடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
பாட்டிலில் அடைத்த தண்ணீர் ஆளுக்கொன்று.
செயல்திறன் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில்
ஏழாம் வரிக்கு நேரே கையெழுத்திட்டேன்:
"பழுதாகும் ஆழ்துளைக் கிணறு
எழுபத்திரண்டு மணி நேரத்தில் சீராகும்."
ஆளுநரோடு படம் எடுத்தார்கள்.
என் மனைவி அதற்குச் சட்டம் போட்டு
தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினாள்.

முதல் காலாண்டில் தொண்ணூற்று நான்கு விழுக்காடு.
இரண்டாவதில் தொண்ணூற்றாறு.
எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்,
இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

புகார் ஏட்டில் எழுதும் நிமிடத்தில்தான்
கடிகாரம் ஓடத் தொடங்கும்.
ஏடு என் இழுப்பறையில்,
சாவி என் சட்டைப்பையில்.
கலாலானியிலிருந்து சியோகாவ்
இரண்டு மணி நேரம் நடந்து வந்து
பம்பு நின்றுவிட்டது என்பாள்.
தலையசைப்பேன். உட்காரச் சொல்வேன்.
எழுத மாட்டேன்.
உதிரிபாகம் வந்து சேரும் காலையில்
அவள் புகார் ஏட்டில் பிறக்கும்;
மாலைக்குள் தீர்ந்தும் போகும்.
ஏட்டுச் சுரைக்காயைக் குடைந்து
அதிலேயே தண்ணீர் மொண்டு காட்டினேன்
தலைநகருக்கு.

உதிரிபாகம் ஏன் தாமதம்?
பண்டகசாலை முசியோகியும் ஒப்பந்தம் போட்டவன்தான்.
அவன் தாளில் எழுதியிருந்தது:
"கையிருப்புச் செலவை முப்பது விழுக்காடு குறைக்கவும்."
குறைத்தான்.
காலி அலமாரிகளுக்காக
அவனுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது.
ஒரே பந்தல், ஒரே பேனா,
எதிரெதிரே இழுத்த இரண்டு கையெழுத்து.

மார்ச்சில் மதிப்பீட்டுக்கு வந்தவள் பெயர் கலோண்டு.
ஏட்டைத் திறந்து வைத்தேன், தேநீர் ஊற்றினேன்.
தேநீரைக் குடித்தாள்.
ஏட்டைப் புரட்டவில்லை.
"இங்கே தண்ணீர் விற்பவர் யார்?" என்றாள்.

கிதோமேயிடம் நான்கு கழுதைகள்,
ஒரு பள்ளிக்கூட நோட்டு.
யார், எத்தனை கேன், எவ்வளவு கடன்,
நாள் தவறாமல் எழுதியிருந்தான்.
பம்பு ஓடிய நாட்களில் பக்கம் வெறுமை.
நின்ற நாட்களில் விளிம்புவரை பெயர்கள்.
கலோண்டு விரல் வைத்து எண்ணினாள்,
உதடு அசைய, மெதுவாக,
ஒரு கழுதை அவள் பைக்குள் மூக்கை நுழைத்தது.
நாற்பத்தொரு நாள், என்றாள்.
என் ஏட்டில் அது
ஒன்பது மணி நேரம்.

சியோகாவின் பெயருக்கு நேரே
ஆயிரத்து இருநூறு ஷில்லிங் பாக்கி.
ஒரு வரி அடித்திருந்தது,
பக்கத்தில் ஓர் ஆடு என்று குறிப்பு.
அந்தக் குறிப்பைத்தான்
நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.
வேலை போகவில்லை; போயிருந்தால்
இந்தக் கதை எளிதாக முடிந்திருக்கும்.
மறு ஜூலையில் அதே பந்தல்.
ஏழாம் வரியில் நான்கே சொல் கூடியிருந்தது:
"தண்ணீர் நின்ற நிமிடத்திலிருந்து."
முசியோகியின் தாளையும்
என் தாளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்,
அவன் அலமாரி காலியானால்
என் கடிகாரம் அவனுக்கும் ஓடும்.
பேனா பிடித்தபோது
உள்ளங்கை வேர்த்தது. போன வருடம் வேர்க்கவில்லை.

இப்போது நான்கு நாள், சிலசமயம் ஐந்து.
எழுபத்திரண்டை இன்னும் தொடவில்லை.
இழுப்பறையில் பூட்டு இல்லை,
சாவி மட்டும் பழக்கத்தால் பையில் இருக்கிறது.

நேற்றுச் சந்தையில் கிதோமே வழிமறித்தான்.
இரண்டு கழுதைகளை விற்றுவிட்டானாம்.
நோட்டைப் பிரித்துக் காட்டினான்:
வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
"உன் ஒப்பந்தத்தில்
எனக்கு எத்தனையாவது வரி?" என்றான்.
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
பக்கத்தில் நின்ற கழுதையின் முதுகில்
கேன் தொங்கிய கயிற்றுத் தழும்பு
இன்னும் ஆறவில்லை.